குபியோ மலையூரின் திரித்தூண் திருவிழா



பந்தயம் என்றால் முந்துபவர் ஒருவரும் பிந்துபவர் ஒருவரும் இருந்தே தீர வேண்டும் என்பது நாம் அறிந்த நடைமுறை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக வரும் மாணவனுக்குக் கிண்ணம் கிடைக்கிறது. கடைசியாக வருபவன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தில் கலந்துவிடுகிறான். ஆனால், முதலாவது யார், இரண்டாவது யார், மூன்றாவது யார் என்பதெல்லாம் ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்ட பந்தயம் ஒன்று உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தப் பந்தயத்தில் ஒருவரை ஒருவர் முந்திச் செல்லவே கூடாது. பரிசு கிடையாது, கிண்ணம் கிடையாது. எனினும் ஓர் ஊரே ஆண்டு முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறது. ஓடி முடித்த ஆண்கள் மகிழ்ச்சி தாங்காமல் அழுகிறார்கள்.

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் உம்பிரியா என்னும் மாநிலம் இருக்கிறது. அங்கே இன்ஜீனோ என்ற மலையின் சரிவில் குபியோ என்னும் பழமையான ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் ஆண்டுதோறும் மே மாதம் 15ஆம் நாள் நடைபெறும் கத்தோலிக்கத் திருவிழாவைப் பற்றித்தான் இன்றைய பேச்சில் நாம் காணப்போகிறோம்.

ஊரும் மலையும்

குபியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாம்பல் நிறக் கல்லால் கட்டிய வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக, ஒன்றின் தலைமேல் ஒன்று அமர்ந்ததுபோல் காட்சி தருகின்றன. தெருக்கள் குறுகலானவை, ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். ஊரின் நடுவே 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நகர மன்ற மாளிகை உயர்ந்து நிற்கிறது. அதன்முன் பரந்த சதுக்கம் ஒன்று உள்ளது. மலைச்சரிவில் சமதரை கிடைப்பது அரிதல்லவா? ஆகவே பெரிய பெரிய கல் வளைவுகளைக் கட்டி, அவற்றின்மேல் அந்தச் சதுக்கத்தை அமைத்தார்கள்.

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் ஒரு கொடிய ஓநாயை அன்பால் அடக்கினார் என்ற கதையை நேயர்களில் பலர் கேட்டிருக்கலாம். அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் இந்தக் குபியோதான். ஆனால் ஊரின் காவலராக மக்கள் கொண்டாடுபவர் பிரான்சிஸ் அல்லர். அவருக்கு முந்திய தலைமுறையில் வாழ்ந்த மேற்றிராணியார் உபால்டோ என்பவர்.

மேற்றிராணியார் உபால்டோ

உபால்டோ குபியோவிலேயே பிறந்து வளர்ந்தவர். 1129ஆம் ஆண்டில் அவ்வூரின் மேற்றிராணியார் ஆனார். அதற்கு முன்னர், அண்டையிலுள்ள பெரூஜியா நகரத்தின் மேற்றிராணியார் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை வேண்டாமென்று மறுத்தவர் அவர்.

அவருடைய வரலாற்றில் இன்றும் ஊரார் சொல்லி மகிழும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு சமயம் நகரத்து மதிற்சுவரைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த வேலையினால் மேற்றிராணியாரின் திராட்சைத் தோட்டம் பாழாயிற்று. அவர் சென்று, தோட்டத்தைக் கெடுக்காமல் வேலை செய்யுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். மேற்பார்வையாளன் சினங்கொண்டு அவரைப் பிடித்துத் தள்ளிவிட, அவர் சுண்ணாம்புச் சாந்துக்குள் விழுந்தார். எழுந்து, ஒன்றும் பேசாமல் வீடு போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்ட ஊர்மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மனிதனின் வீட்டை இடிக்க வேண்டும், அவனை நாடு கடத்த வேண்டும் என்றார்கள். அவனும் அஞ்சி நடுங்கி, எத்தண்டனைக்கும் உடன்படுவதாகச் சொல்லி அவர்முன் வந்து நின்றான். உபால்டோ எழுந்து சென்று அவனைத் தழுவி முத்தமிட்டு, மன்னித்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தண்டனை அவ்வளவுதான்!

சாந்தில் விழுந்த அந்த மேற்றிராணியாரைத்தான் இன்று ஊரின் கொத்தனார்களும் கல்தச்சர்களும் தங்கள் புனிதராகத் தோளில் சுமக்கிறார்கள். இதில் அடங்கியுள்ள நயத்தை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் காலம் போர்கள் நிறைந்த காலம். 1151ஆம் ஆண்டில் பதினோரு நகரங்கள் கூட்டுச் சேர்ந்து குபியோவை எதிர்த்து வந்தன. மேற்றிராணியார் ஊட்டிய ஊக்கத்தால் ஊர் தப்பியது என்பர். 1155ஆம் ஆண்டில், செந்தாடியர் என்று பெயர்பெற்ற பேரரசர் பிரடெரிக் பெரும்படையுடன் அப்பக்கம் வந்தார். ஸ்பொலேட்டோ என்னும் நகரம் அப்போதுதான் அவரது படையால் எரிந்து சாம்பலாகியிருந்தது. முதுமையும் நோயும் வாட்டிய நிலையிலும் உபால்டோ சென்று பேரரசரைச் சந்தித்துப் பேசினார், குபியோ காப்பாற்றப்பட்டது.

1160ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1192இல் பாப்பரசர் மூன்றாம் செலஸ்தீன் அவரைப் புனிதர் என அறிவித்தார். 1194ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அவரது உடல் ஊரிலிருந்து இன்ஜீனோ மலைமீது கொண்டு செல்லப்பட்டது. இன்று அங்குள்ள பேராலயத்தின் பீடத்துக்கு மேலே, கண்ணாடிப் பேழையில் அவ்வுடல் வைக்கப்பட்டிருக்கிறது. ஊர்மக்கள் தெருவில் நின்று தலையை உயர்த்தினால் போதும். மலைமேல் ஆலயம் தெரியும்.

மெழுகுத்திரி மரத்தூண் ஆனது எப்படி?

புனிதரின் திருநாளுக்கு முந்திய மாலை, ஊரின் தொழிற்குழுவினர் ஒவ்வொருவரும் மெழுகுத்திரி ஏந்தி மலைக்குச் செல்வது பழங்கால வழக்கம். அக்காலத்தில் மெழுகு விலை மதிப்புள்ள பொருள். ஆலயத்துக்கு மெழுகு கொடுப்பது பெரிய காணிக்கை. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நகரச் சட்டங்களிலேயே இக்காணிக்கை பற்றிய விதி காணப்படுகிறது. ஒவ்வொரு குழுவும் பிறரைவிடப் பெரிய திரி செய்ய விரும்பியது போலும்! நாளடைவில் திரிகள் பருத்துக்கொண்டே போயின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெழுகுக்குப் பதிலாக மரத்தாலான கூடுகள் செய்யப்பட்டன. அவ்வடிவமே இன்றுவரை நிலைத்துவிட்டது.

இத்தாலிய மொழியில் பெரிய மெழுகுத்திரிக்குச் 'சேரோ' என்று பெயர்; பன்மையில் 'சேரி' என்பர். நம் மொழியில் வழங்கும் சேரி என்ற சொல்லுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. குழப்பம் நேராதிருக்க, நாம் இப்பேச்சில் அவற்றைத் திரித்தூண் என்றே குறிப்பிடுவோம்.

திரித்தூண்கள் மூன்று. ஒவ்வொன்றும் எட்டுப் பட்டைகள் கொண்ட இரண்டு மரக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியதுபோல் இருக்கும். நான்கு மீட்டருக்குமேல் உயரம். அடியில் ஏணிபோன்ற சுமைச்சட்டம் ஒன்று பொருத்தப்படும். உச்சியில் புனிதரின் சிறிய சுரூபம் நிற்கும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 கிலோ எடை. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஆறினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாயாமல் தோளில் வைத்துக்கொண்டு மலையேறி ஓடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

முதல் தூண் புனித உபால்டோவுக்கு உரியது. அது கொத்தனார்களுக்கும் கல்தச்சர்களுக்கும் சொந்தம். இரண்டாவது தூண் புனித ஜார்ஜியாருக்கு உரியது. வணிகர்களும் கைவினைஞர்களும் அதற்கு உரிமை உடையவர்கள். மூன்றாவது தூண் புனித அந்தோனியாருக்கு உரியது. அந்தோனியார் என்றதும் குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய பதுவைப் பதியர்தான் நம் நினைவுக்கு வருவார். இவர் அவரல்லர், எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் தவம் செய்தவரும், ஆடுமாடுகளுக்குக் காவலருமான வனத்து அந்தோனியார். இவருடைய தூணைச் சுமப்பவர்கள் குடியானவர்களும், ஒரு காலத்தில் கழுதைப் பொதி ஓட்டியவர்களும் ஆவர்.

சுமப்பவர்கள் அனைவரும் வெள்ளைக் காற்சட்டை அணிந்து, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டையும் இடுப்பில் சிவப்புக் கச்சையும் கட்டியிருப்பார்கள். சட்டை மட்டும் வேறுபடும். உபால்டோ குழுவினர்க்கு மஞ்சள். ஜார்ஜியார் குழுவினர்க்கு நீலம். அந்தோனியார் குழுவினர்க்குக் கறுப்பு. மரபுப்படி சுமப்பவர்கள் ஆண்களே. பெண்களும் தத்தம் குடும்பத்துக்குரிய நிறத்தை அணிந்து தெருவில் நிற்பார்கள். எந்தத் தூணுக்கு ஒருவர் தோள் கொடுப்பார் என்பதை இன்று பெரும்பாலும் குடும்ப வழக்கமே முடிவு செய்கிறது. தந்தை நீலம் என்றால் மகனும் நீலம். கொத்தனார் மகன் ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஆகிவிட்டாலும், அந்த ஒரு நாளில் அவன் பாட்டன் சுமந்த தூணுக்கே திரும்பி வருகிறான்.

காலை முதல் நண்பகல் வரை

ஆண்டு முழுவதும் திரித்தூண்கள் மலைமேல் பேராலயத்திலேயே இருக்கும். மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் படுக்கை வாட்டில் தோளில் சுமந்து ஊருக்குக் கொண்டு வருவார்கள். அப்போது சின்னஞ்சிறு பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றுவதுபோல் தூண்களின்மேல் ஏற்றிவைத்து அழைத்து வருவது வழக்கம். நடக்கப் பழகும் வயதிலேயே அந்த மரத்தின் தொடு உணர்வு பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

15ஆம் நாள் விடியற்காலையில் முரசு ஒலி ஊரை எழுப்புகிறது. விழாவின் தலைவர்கள் முதலில் செல்வது எங்கே தெரியுமா? கல்லறைத் தோட்டத்துக்கு. முன்னாளில் தூண் சுமந்து மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திய பிறகே மற்ற காரியங்கள். பின்னர் கொத்தனார்களின் சிற்றாலயத்தில் பூசை. அங்கேதான் மூன்று சுரூபங்களும் ஆண்டு முழுவதும் வைக்கப்பட்டிருக்கும். பூசை முடிந்ததும் சுரூபங்கள் பவனியாகச் சதுக்கத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

நண்பகல் நெருங்கும்போது சதுக்கத்தில் கால் வைக்க இடமிராது. மாளிகைக்குள்ளிருந்து மூன்று தூண்களும் படுத்த நிலையில் வெளியே வரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். அவருக்குப் 'பத்துப் பேரின் தலைவர்' என்று பொருள்படும் பட்டம் உண்டு. தூண் படுத்திருக்கும்போது அடியிலுள்ள சுமைச்சட்டம் நெட்டுக்குத்தாக நிற்குமல்லவா? தலைவர் அதன்மேல் ஏறி நின்று, மண்குடம் ஒன்றிலிருந்து நீரைப் பொருத்துவாயில் ஊற்றுவார். நீர் பட்டதும் மரம் ஊறிப் பருத்து, ஆப்புகள் இறுகிக்கொள்ளும். இது சடங்கு மட்டுமன்று. தச்சர் அறிவும் ஆகும். ஊற்றி முடித்த குடத்தை அவர் உயரே வீசி எறிவார். அது கீழே விழுந்து உடைந்ததும், ஓட்டுச்சில் ஒன்றாவது கிடைக்காதா என்று மக்கள் முண்டியடிப்பார்கள். கிடைத்தால் வீட்டுக்கு நன்மை என்பது அவர்கள் நம்பிக்கை.

பின்பு தலைவர் சட்டத்தோடு முன்னே பாய்கிறார். சட்டம் கீழிறங்க, தூண் ஒரே வீச்சில் நிமிர்கிறது! மூன்று தூண்களும் ஒருசேர நிமிரும் அந்த நேரத்தில், மாளிகைக் கோபுரத்திலுள்ள பெரிய மணி முழங்குகிறது. 1769இல் வார்க்கப்பட்ட அந்த மணியை ஆட்கள் மேலேயே இருந்து, கால்களால் உந்தி ஆட்டுகிறார்கள்.

மூன்று சுற்றுச் சதுக்கத்தில் ஓடிய பிறகு, தூண்கள் தனித்தனித் தெருக்களில் பிரிந்து செல்லும். முன்னாளில் தோள் கொடுத்து இன்று மூப்பினால் தளர்ந்தவர், நோயில் படுத்திருப்பவர், அண்மையில் ஒருவரை இழந்த குடும்பத்தார் ஆகியோரின் வீட்டு வாசலில் தூண் நின்று, சுற்றி, மரியாதை செலுத்தும். எழுந்து வர முடியாத கிழவர் சன்னலருகே அமர்ந்து கண்ணீர் மல்கக் கையசைப்பார். திருவிழாவுக்குப் போக இயலாதவரைத் தேடித் திருவிழாவே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

முந்தாத பந்தயம்

மாலையில் பேராலயத்திலிருந்து மேற்றிராணியார் தலைமையில் புனித உபால்டோவின் சுரூபம் பவனியாக வரும். அது காத்து நிற்கும் திரித்தூண்களைச் சந்திக்கும் இடத்தில் மேற்றிராணியார் அவற்றை மந்திரிப்பார். மணி ஆறு ஆகும்போது ஓட்டம் தொடங்குகிறது.

முன்னே உபால்டோ, அடுத்து ஜார்ஜியார், கடைசியில் அந்தோனியார். இந்த வரிசை மாறவே மாறாது. ஊர்த் தெருக்களின் இறக்கத்திலும் வளைவிலும் ஓடி, சதுக்கத்தைச் சுற்றி, இடையிடையே சிறிது நின்று, பின்னர் மலைவாயில் வழியாக ஏற்றத்தில் புகுவார்கள். மொத்தம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறுகிறது. சும்மா நடந்து போகிறவருக்கே மூச்சு வாங்கும் அந்த ஏற்றத்தை அவர்கள் ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் ஓடிக் கடக்கிறார்கள்.

அவ்வளவு சுமையை ஒரே ஆட்கள் கடைசிவரை தாங்க இயலாது. ஆகவே வழியெங்கும் மாற்று ஆட்கள் காத்திருப்பார்கள். தூண் நிற்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியவர் தோளை நுழைக்க, களைத்தவர் விலகிக்கொள்வார். ஒரு கணம் தப்பினாலும் தூண் சாய்ந்துவிடும். முன்னே செல்லும் தலைவரின் குரலையும், பின்னே வரும் துணைத் தலைவரின் குரலையும் கேட்டே எல்லாரும் அடி எடுத்து வைக்கிறார்கள். தூண் சாய்வது இழுக்கு. விழுவது பெரும் இழுக்கு. விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்தி மீண்டும் ஓட வேண்டும். அதுவரை பின்னால் வரும் தூண் காத்து நிற்கும், தாண்டிப் போகாது.

அப்படியானால் இதில் போட்டி எங்கே இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். போட்டி மலையுச்சியில் ஆலயத்தின் வாயிலில் இருக்கிறது. உபால்டோ தூண் உள்ளே நுழைந்ததும், ஜார்ஜியார் தூண் வந்து சேர்வதற்குள் கதவை மூடிவிட அதன் குழுவினர் முயல்வார்கள். மற்ற இரு குழுவினரும், இடைவெளி விடாமல் நெருங்கி வந்து, கதவு மூடப்படாமல் மூவருமாக உள்ளே நுழையப் பார்ப்பார்கள். வாயில் தாழ்வானது, தூணைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டு போக முடியும். களைத்துப்போன கைகளுக்கு அதுவே கடைசிச் சோதனை. உள்ளே முற்றத்தில் கிணறு ஒன்று உண்டு. அதைச் சுற்றி வந்த பிறகே ஓட்டம் முடிவடைகிறது.

அன்றிரவு ஊர் முழுவதும் ஒரே விவாதந்தான். எந்தத் தூண் நேராக நின்றது, எந்த வளைவில் ஆட்டம் கண்டது, இடைவெளி எத்தனை அடி, கதவை மூடியது நியாயமா இல்லையா என்று விடிய விடியப் பேசுவார்கள். சுரூபங்கள் மட்டும் தூண்களிலிருந்து கழற்றப்பட்டு, விளக்கொளியில் பாடலுடன் மலையிலிருந்து இறங்கிச் சிற்றாலயத்துக்குத் திரும்பும். மூன்று நிறத்தாரும் கலந்தே இறங்குவார்கள். தூண்கள் மலைமேலேயே தங்கிவிடும்.

மூன்றாவது இடத்தின் பெருமை

நேயர்களே, இத்திருவிழாவில் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பவர்கள் கறுப்புச் சட்டைக் குடியானவர்களே. உபால்டோ குழுவினர்க்கு முதன்மை உண்டு. கதவை மூடும் வாய்ப்பும் உண்டு. அந்தோனியார் குழுவினரோ எத்தனை திறமையாக ஓடினாலும் மூன்றாவதுதான். அவர்கள் பாட்டனும் மூன்றாவது. பேரனும் மூன்றாவதாகத்தான் இருப்பான். முன்னால் இருப்பவர் இடறினால் அவர்கள் நிற்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து அந்த எடையோடு மறுபடி ஓட்டம் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் அந்தக் குழுவில் தோள் கொடுக்க ஆள் குறைவதில்லை. வேறு நிறத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாரும் நினைப்பதுமில்லை.

ஏன்? அவர்கள் தங்களை அளந்துகொள்ளும் கோல் வேறு. நம் தூண் நேராகச் சென்றதா? நம்மவர் எவரேனும் கையைத் தளர்த்தினாரா? முன்னால் சென்றவரோடு இடைவெளி விடாமல் சேர்ந்தே போனோமா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். இல்லையென்றால் அடுத்த மே மாதம்வரை அந்தக் குறை மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முதலிடம் ஒன்றுதான். அந்த ஒரு பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டிவிடுகிறோம். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் நாம் கையில் கொடுக்கும் அளவுகோல் என்ன? போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. குபியோ மக்களும் போட்டியை விட்டுவிடவில்லை. கதவருகே அவர்கள் காட்டும் வேகமே அதற்குச் சான்று. ஆயினும், சுமப்பது அனைவர்க்கும் பொதுவான காணிக்கை என்ற எண்ணத்துக்குள் அந்தப் போட்டியை அடக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு தூண் வந்து சேராவிட்டாலும் ஊரின் காணிக்கை குறைபட்டுப் போகும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

பிள்ளைகளுக்கும் இதே பயிற்சிதான். ஜூன் 2ஆம் நாள் சிறுவர்களுக்கென்று சிறிய திரித்தூண்கள் உண்டு. வளரிளம் பருவத்தினர்க்கு நடுத்தரத் தூண்கள் வேறு உண்டு. அளவு சிறியதே தவிர, நிமிர்த்தும் சடங்கு, நிறம், வரிசை எல்லாம் பெரியவர்களுடையதைப் போன்றவையே. பக்கத்தில் ஓடி வரும் தந்தை குரல் கொடுப்பார். சுமையைத் தாம் வாங்கிக்கொள்ள மாட்டார்.

தோற்றம் பற்றிய கருத்து வேறுபாடு

இத்திருவிழா உபால்டோ காலத்துக்கும் முற்பட்டது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. குபியோவின் நகர மன்ற மாளிகையில் ஏழு வெண்கலப் பட்டயங்கள் காக்கப்படுகின்றன. 1456ஆம் ஆண்டில் நகரம் அவற்றை விலைக்கு வாங்கியது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னர் உம்பிரிய மொழியில் பொறிக்கப்பட்ட அவை, அம்மக்களின் பண்டைய வேள்விகளையும், ஊரைத் தூய்மை செய்யும் பவனியையும், மூன்று வாயில்களில் கொடுத்த பலிகளையும் விரிவாகக் கூறுகின்றன. இளவேனிற் காலத்தில் தானியத் தெய்வத்துக்கு எடுத்த பழைய விழாவே பின்னாளில் கிறிஸ்தவ வடிவம் பெற்றது என்பது ஒரு சாரார் கருத்து. மூன்று தூண்கள், மலையேற்றம், நீர் வார்த்தல் ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால், பட்டயங்களுக்கும் திரித்தூண்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அதை இணைக்கும் நேரடிச் சான்று இல்லை. மெழுகுக் காணிக்கைக்கோ எழுத்துச் சான்று உண்டு. ஒற்றுமை காணப்படுவது ஒன்று. தொடர்பு நிறுவப்படுவது வேறு. மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

ஊரை விட்டுப் போனவர்கள்

புனிதரின் புகழ் மலையோடு நின்றுவிடவில்லை. பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் தான் என்றொரு ஊர் இருக்கிறது. உபால்டோவின் பணியாளர் ஒருவர் அவருடைய திருப்பண்டம் ஒன்றைக் கைத்தடிக்குள் மறைத்து எடுத்துச் சென்றபோது, அவ்வூரருகே தடி மரத்தடியில் ஊன்றிக்கொண்டு அசையவில்லை என்றும், காட்டின்மேல் மூன்று ஒளிகள் தோன்றின என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. அதன் நினைவாக ஜூன் 30ஆம் நாள் அங்கே மூன்று தேவதாரு வகை மரங்களை நிறுத்தி எரிக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குபியோ வட்டாரத்திலிருந்து பலர் பிழைப்பைத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜெசப் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்க வேலையில் அமர்ந்தார்கள். கையில் அதிகப் பொருள் இல்லை. ஆனால் திரித்தூண் செய்யத் தெரியும், சுமக்கத் தெரியும். அங்கேயும் மூன்று தூண்களைச் செய்து ஓடினார்கள். இடையில் நின்றுபோன அவ்வழக்கம் 1970களில் மீண்டும் உயிர்பெற்று, இன்றும் மே மாத இறுதியில் நடைபெறுகிறது. கடல் கடந்து வந்த பெரியவர்கள் சாமியையும் காவடியையும் பாட்டையும் உடன் கொண்டு வந்த கதை நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. ஆகவே அந்தச் சுரங்கத் தொழிலாளர் மனத்தை நம்மால் எளிதில் அறிய முடிகிறது.

முதல் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், போர்முனையில் மலையுச்சியில் இருந்த குபியோ வீரர்கள் கிடைத்த பொருள்களைக் கொண்டு தூண்கள் செய்து, அங்கேயே விழாவை நடத்தினார்கள். கொரோனா நோய்த்தொற்றுப் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டம் நடைபெறவில்லை. சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. 2022ஆம் ஆண்டில் தூண்கள் மறுபடி நிமிர்ந்தபோது, அவ்விரண்டு ஆண்டுகளில் மறைந்தவர்களின் நினைவும் அவற்றோடு சேர்ந்தே நிமிர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இன்று உம்பிரியா மாநிலத்தின் சின்னத்தில் மூன்று திரித்தூண்களின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது. வெற்றி வாகை சூடிய அரசனையோ படைத்தலைவனையோ அவர்கள் தேடிப் போகவில்லை. ஒரு சிற்றூரில் கொத்தனாரும் கடைக்காரரும் குடியானவரும் தோளில் ஏற்றிய சுமையையே தங்கள் அடையாளமாகத் தேர்ந்துகொண்டார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த ஆண்டு மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து நீட்டும்போது, அதில் எத்தனையாவது இடம் என்று பார்ப்பதற்கு முன்னால், உன் தூணை நேராகக் கொண்டு சென்றாயா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேள்வி விளங்காமல் பிள்ளை விழித்தால், மூன்றாவதாக ஓடும் குடியானவர் கதையைச் சொல்லுங்கள்.